சட்டையை உருவும் விலை

"குன்வோர், இது சட்டையையே உருவுற விலை."

பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்த காபி, ஏலக்காய் ரொட்டி விலையை ஸ்டூரே முறைத்துக்கொண்டு நின்றார்.

"உருவட்டும். உள்ள பனியன் இருக்குல்ல," என்றாள் கடைக்காரி குன்வோர், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செனாயித் அந்தச் சொற்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். விலை அதிகம் என்பதைச் சுவீடன்காரர்கள் எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று கேட்டுவரும்படி மொழி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் அதற்காகக் கடை கடையாக அலைந்தார்கள். அவளுக்கு ஸ்டூரே ஒருவரே போதும். முந்தாநாள் பன்றி விலை. நேற்று கொள்ளைக்காரன் விலை. இன்று சட்டை.

சொற்கள் சேரச் சேர அவளுக்கு மனம் கனத்தது. எரித்திரியாவில் அவள் அம்மா விலை அதிகம் என்று வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு முறைதான், சர்க்கரைப் பொட்டலத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தபோது. அதன்பின் அந்தத் தெரு வழியாகவே அம்மா போகவில்லை. இந்த மனிதர் நாலு பேர் முன்னால் தினமும் சொல்கிறார் என்றால் வீட்டில் என்ன நிலைமையோ. முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு வேறு. அவரிடம் போய்ப் பனியனைப் பற்றிப் பேசுகிறாளே குன்வோர். முதல் நாளே தன் கையுறையைக் கழற்றி செனாயித்துக்குக் கொடுத்தவள்தானா இவள்?

கேட்கத் துணிச்சல் வரவில்லை. இந்த வாரத்தோடு பயிற்சிக் காலம் முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்வதும் அனுப்பிவிடுவதும் குன்வோர் கையில். இந்த வேலை போனால் இந்த ஊரைவிட்டும் போக வேண்டியதுதான். வாயால் முடியாததைக் கையால்தான் செய்ய வேண்டும்.

மறுநாள் குன்வோர் மாவறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஸ்டூரேயிடம் பாதி விலை மட்டும் வாங்கினாள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். மலிவைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு சொல்லும் இல்லைபோல. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தனியாகச் சலுகை காட்டியதில் கூசிப்போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால்? குன்வோர் சரக்கெடுக்க நகரத்துக்குப் போன அன்று, ஓய்வூதியக்காரர்களுக்குப் பாதி விலை என்று எழுதி வாசலில் வைத்தாள். ஏரிக்கு அக்கரையிலிருந்து ஒரு பேருந்து நிறைய முதியவர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்டூரே வழக்கமாக உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து மூன்றாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். ஸ்டூரே தொப்பியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் அவருக்கு ஒத்துவரவில்லை. சரி, யாருக்கும் தெரியாமல் செய்வோம். சூடான ரொட்டிகளைப் பையில் போட்டு அவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலை அந்தப் பை கடைக் கதவில் தொங்கியது. ரொட்டி ஒன்றுகூடக் குறையவில்லை. அன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

 குன்வோர் ஒரு தட்டு ரொட்டியைக் கருகவிட்டாள். இன்னொரு தட்டில் சர்க்கரை போட மறந்தாள். கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாடிக்கையாளர் போனதற்கா இவ்வளவு என்று செனாயித் யோசித்தாள். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல்.

"நான்தான் எல்லாம் செஞ்சேன். ஸ்டூரே பாவம்னு."

குன்வோர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "யாரு பாவம்?"

"அவருதான். கையில காசு இல்லாம, தினம் வந்து..."

"செனாயித், ஏரிக்கு அந்தப் பக்கம் காடு தெரியுதா?"

"தெரியுது."

"அது அவரோடது."

 ஒரு பணக்காரருக்கா செனாயித் இத்தனை நாள் பிச்சை போட்டாள்? வேலை போயேபோய்விட்டது என்று தீர்மானித்துக்கொண்டாள். அதற்குள் குன்வோர் ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, புது விலை எழுதினாள். பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தள்ளி நின்று பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து குரோனர் கூட்டினாள்.

"அவர் வீட்டுக்குப் போ. விலை ஏத்திட்டோம்னு மட்டும் சொல்லிட்டு வா."

"நானா?"

"நான் எப்படிப் போவேன்?" என்றாள் குன்வோர். அவள் காது மடல்கள் சிவந்திருந்தன. அடுப்படி வெக்கையாக இருக்கும்.

அவமானப்பட்ட மனிதரிடம் இதையும் போய்ச் சொல்ல வேண்டுமா? பனியில் கால் புதையப் புதைய நடந்தாள். கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்க்காமல் விலையைச் சொன்னாள்.

"எவ்வளவு?" என்றார் ஸ்டூரே.

மறுபடி சொன்னாள். அவர் திரும்பி உள்ளே போய், கோட்டின் ஒரு கையை மாட்டியபடியே வெளியே வந்தார். வழியெல்லாம் அவளுக்கு முன்னால் நடந்தார். அந்த வயதில் அத்தனை வேகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இது பட்டப்பகல் கொள்ளை, குன்வோர்," என்றார் கடைக்குள் நுழைந்ததும்.

"போலீஸைக் கூப்பிடேன்."

"கூப்பிடுவேன். காபிய குடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்தார். குன்வோர் காபியைத் தானே கொண்டுபோனாள், ஏப்ரனை நேராக்கிக்கொண்டு. போகிறபோக்கில் செனாயித்திடம், இனிமேல் கல்லா உன் பொறுப்பு, திங்கட்கிழமை சீக்கிரம் வா என்றாள்.

திங்கட்கிழமையா? காதில் விழுந்தது சரிதானா என்று அவளைக் கேட்கலாமென்றால், அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்புவதாக இல்லை. செனாயித் கல்லாவில் போய் நின்றாள். முதலில் வந்தவள் தபால்காரி அனெத். செனாயித் பலகையைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் புது விலையைச் சொன்னாள்.

அனெத் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்கெல்லாம் எப்பவும் பழைய விலைதான்மா. பலகையில இருக்கறது ஸ்டூரேக்கு மட்டும். அது ஏறலைன்னா, அவகிட்ட பேச அந்த மனுஷனுக்கு வேற என்ன தெரியும்?"