துவைத்து மடித்துத் தரும் இணையம்

பிள்ளைகளின் தொழிலில் கை வைக்காமல் இருப்பதுதான் பெற்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. இதை நான் மங்கலத்தில் ஒரு தறிப்பட்டறை முதலாளி முன்னால், மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

என் மகள் கீர்த்தி பெங்களூரு வேலையை விட்டு வந்து, இங்குள்ள பட்டறைகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் தொழில் தொடங்கியிருந்தாள். முதல் வாடிக்கையாளராக அமையவிருந்தவர் அந்தத் தறிப்பட்டறை முதலாளி சென்னியப்பன். "இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா பெங்களூருக்கே போயிடறேம்மா" என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. (இட்லி இறங்கியது. அது வேறு விஷயம்.)

ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும் என்பது சென்னியப்பனின் நிபந்தனை. பனியன் கம்பெனி அலுவலகத்தில் ஒப்பந்தங்களோடே நரைத்துப்போன நான் இருக்க, வேறு யார் எழுதுவது?

முதல் பக்கம் முழுக்க வரையறைகள். 'தொலைத்தொடர்புச் சட்டம்', 'உரிமம்', 'ஒழுங்குமுறை அதிகாரி' ஆகியவற்றுக்கு இந்த ஒப்பந்தத்தில் என்ன பொருள் என்று கீர்த்தி ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதியிருந்தாள். எனக்கு அது போதாது என்று பட்டது. எந்தக் கருநீலம் என்று எழுதாமல் விட்டதால், ஒரு லாரி பனியன் திரும்பி வந்ததைப் பார்த்தவள் நான்.

ஆகவே எங்கள் கம்பெனி சாயப்பட்டறையோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை மாதிரியாக எடுத்தேன். 'துணி' இருந்த இடமெல்லாம் 'இணைப்பு'. 'கழிவுநீர்ச் சட்டம்' இருந்த இடமெல்லாம் 'தொலைத்தொடர்புச் சட்டம்'. கணினி ஒரே தட்டலில் மாற்றிக் கொடுத்தது. மிச்சத்தைத் திருத்துவதற்குள் குக்கர் விசிலடித்தது.

"படிச்சுப் பாத்துட்டீங்கல்லம்மா?" என்றாள் கீர்த்தி.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

மங்கலத்தில் சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"தொலைத்தொடர்புச் சட்டம் என்பது, நிறமுள்ள நீரை ஓடையில் விடுவதைத் தடுக்கும் சட்டம்." நிமிர்ந்தார். "ஏங்கண்ணு, உங்க நெட்டு தண்ணியிலயா வருது?"

கீர்த்தி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஒழுங்குமுறை அதிகாரி எந்நேரமும் வந்து குழாயைத் திறந்து பார்க்கலாம்." தலையாட்டினார். "வரட்டுங்க. காப்பித்தண்ணி குடுத்து அனுப்பலாம்."

அடுத்த வரி: "இணைப்பு நன்கு துவைத்து, உலர்த்தி, மடித்து ஒப்படைக்கப்படும்."

"தப்பு நடந்துபோச்சுங்கய்யா. வேற எழுதிக் கொண்டாறேனுங்க" என்றாள் கீர்த்தி. என் மனசுக்குள் பெங்களூரு பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது.

"இருங்க கண்ணு" என்று கையமர்த்திவிட்டு அவர் மேலே படித்தார். "'இணைப்பு மூன்று சதவீதத்துக்கு மேல் சுருங்கினால், வழங்குபவர் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும்.' இத ஆருங்க எழுதுனது?"

நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"அம்மணி, முன்னால நெட்டு குடுத்தவங்க காலையில ஒரு வேகம், பொழுதோட ஒரு வேகம்னு குடுத்தாங்க. கேட்டா வாயில நொழையாத சட்டம் பேசுவாங்க. எனக்கு வெளங்குனது இந்த ஒரு வரிதானுங்க. இத அப்படியே வெச்சுட்டு, மத்தத கண்ணு எழுதட்டும், மாத்திட்டு வாங்க. கையெழுத்துப் போட்டர்றேன்."

போட்டார். கீர்த்தி பெங்களூருக்குப் போகவில்லை. இனி நினைத்தாலும் போக முடியாது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் "சுருங்கிருச்சுங்க கண்ணு" என்று போன் வரும். உடனே ஸ்கூட்டரில் மங்கலத்துக்கு ஓடுவாள். அந்தப் போன் அடித்தால் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

இப்போது அவளுடைய எல்லா ஒப்பந்தங்களிலும் முதல் வரையறை ஒன்றேதான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் என் கணவர் அதைக் காப்பியோடு சேர்த்து வாசித்துக் காட்டுகிறார்:

"'ஒப்பந்த வரைவாளர்' என்றால் கீர்த்தி. இச்சொல் எச்சூழலிலும் அவருடைய அம்மாவைக் குறிக்காது."