சேட்டனுக்கு நான் வைத்த புரட்டாசி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபது. மாடிப்படியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு செருப்பின் வார். இரண்டு படி கீழே அதன் அடிப்பாகம். கடைசிப் படியில், மிச்சத்தை முன்னங்காலால் அமுக்கிப் பிடித்தபடி எங்கள் நாய் சேட்டன். அதற்குப் பின்னால், வெறுங்காலுடன் வீட்டுக்காரர் நல்லபெருமாள் அண்ணாச்சி.

"தம்பி, இது மூணாவது சோடி" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன். நீங்க உக்காருன்னா அது உக்காரணும். இல்லன்னா நாளைக்கே நம்ம அச்சன்புதூர் தோப்புக்கு அனுப்பிருவோம். அங்கன கட்டிப் போட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல."

என் மனைவி செல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செங்கோட்டையில் ஒரு புரோட்டாக் கடை வாசலில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தவள் அவள்தான்.

குற்றவாளி யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்தான்.

மூன்று வாரம் முன்புவரை சேட்டன் ஒழுங்கான நாய். மீன் தலையோ கோழிக் கழுத்தோ போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கும். "உக்காரு" என்றால் உட்காரும். புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் அசைவம் கிடையாது. நாய்க்கும் கிடையாது என்று அறிவித்தேன்.

"நாயி என்ன பெருமாளுக்கு நேந்துக்கிட்டா இருக்கு?" என்றாள் செல்வி. "மொட்டமாடில அடுப்ப வச்சு ரெண்டு முட்டையாவது அவிச்சுப் போடுதேனே."

"நீ சும்மா இரு. கவிச்சி திங்குததாலதான் நாய்க்குக் கோவம் வருது. தயிர்சோறு போட்டுப் பாரு, பசு மாதிரி ஆயிரும்."

(தென்காசியில் ஒரு பஸ் கவிழ்ந்தால் இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் பத்திரிகைக்கு ஒரு வரி அனுப்பமாட்டேன். இந்த அறிவிப்புக்கு ஆதாரம், கைப்பேசியில் பாதி மட்டும் பார்த்த ஒரு வீடியோ.)

தயிர்சோறு, வேகவைத்த கேரட், சொன்னபடி கேட்டால் பரிசாக மேலும் ஒரு துண்டு கேரட். முதல் வாரம் சேட்டன் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. இரண்டாவது வாரம் தெருவில் ஒரு குப்பை வாளியையும் நிற்கவிடவில்லை. மூன்றாவது வாரம் தோலால் செய்த எல்லாவற்றையும் உணவாகக் கருதியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும். நானோ, "பழகுனா சரியாயிரும்" என்று தினமும் மறுப்பு அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்தேன்.

மாலை ஐந்து மணி. குற்றாலத்தில் ஒரு செய்தியை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். அண்ணாச்சி முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேட்டா, உக்காரு." கேரட்டை நீட்டினேன்.

அது கேரட்டை மூக்கால் ஒதுக்கிவிட்டு என் விரல்களை நக்கியது. ஒவ்வொன்றாக, நகக்கண் வரைக்கும்.

"பாசத்தப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

அடுத்து சட்டைக் கையை நக்கியது. பிறகு நேராக ஸ்கூட்டருக்குப் போய், கொக்கியில் தொங்கிய என் தோள்பையை இழுத்துக் கீழே போட்டது. குறிப்பேட்டை ஒதுக்கியது. குடையை ஒதுக்கியது. ஒரு வாழையிலைப் பொட்டலத்தை வெளியே எடுத்துப் பிரித்தது. நாட்டுக்கோழி வறுவல். பாதியை மத்தியானமே கடையில் முடித்திருந்தேன். மீதி, யாரும் இல்லாத நேரத்தில் மொட்டைமாடியில் முடிப்பதற்கு.

செல்வி இலையைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

"தெனமுமா?"

"சனிக்கிழம தின்னல."

அண்ணாச்சி சனிக்கிழமைதோறும் கீழப்பாவூர் நரசிம்மரைக் கும்பிட்டு வருகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர், "வே, கோழி தின்ன கையால கேரட்ட நீட்டுதீரு. அந்த வாயில்லாச் சீவன் எதத்தான் கேக்கும்?" என்றார். பிறகு செல்வியிடம் திரும்பினார். "பின்னால தொழுவத்துல அடுப்பு கெடக்கு தாயி. முட்டைய அவிச்சுக் கொண்டா. பெருமாள் கோச்சுக்கிட மாட்டாரு."

செல்வி முட்டையோடு வந்து "உக்காரு" என்றாள். சேட்டன் உட்கார்ந்தது. "படு" என்றாள். படுத்தது. அவள் அழுதுவிட்டாள்.

"இத எதுக்குத் தோப்புக்கு அனுப்பணும்?" என்று எழுந்தார் அண்ணாச்சி. "அனுப்புததுன்னா வேற ஆள அனுப்பணும்."

மறுநாள் கால்நடை மருத்துவர் சேட்டனின் விலாவைத் தடவிப் பார்த்தார். "வளருத நாயி சார். வயிறு காஞ்சா அது சோத்தத்தான் தேடும். பாடம் எங்க ஏறும்?" நானும் தடவிப் பார்த்தேன். எலும்புகளை எண்ண முடிந்தது.

நான்கு வருடமாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் செல்வி இந்தக் கதையைச் சொல்கிறாள். 'சனிக்கிழம தின்னல' என்ற இடத்தில் என் குரலிலேயே பேசிக் காட்டுகிறாள்.

அந்தத் தை மாதம் அண்ணாச்சி வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். குடியிருப்பவர்கள் என்ற இடத்தில் தன் கையெழுத்தில் மூன்று பெயர்களை எழுதியிருந்தார். முதல் பெயர் செல்வி. இரண்டாவது பெயர் சேட்டன்.