பனிக்கரடிக்கு நாலு ஜன்னல்

ஒரு காட்டில் சேந்தன் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். கூடு கட்டுவதில் மகா கெட்டிக்காரன், ஆனால் அவன் சொந்தக் கூடு மட்டும் பாதியில் தொங்கியது. அந்தக் குலத்து வழக்கம் அப்படி. ஆண் பாதிக் கூடு கட்டுவான், பெண் வந்து பார்ப்பாள், பிடித்துப்போனால் மீதியை முடித்துக் கல்யாணம்.

பொற்கொடி வந்து பார்த்தாள். உள்ளே இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க. அதுக்கு மேல நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

சேந்தனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. குருவிக்கு அது பெரிய விஷயமில்லைதான், இருந்தாலும் சொல்ல வேண்டுமல்லவா?

மறுநாளே அவன் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி நரியார் கூப்பிட்டனுப்பினார். கடல்கடந்த பனிநாட்டுக் கரடிகள், குகை வரைபடம் போடும் வேலையை நம் காட்டுக்கு அனுப்பியிருந்தன. அங்கே முப்பது வருஷமாக அதைச் செய்த கடல்நாய் இனி வீட்டுக்குப் போக வேண்டும். போகுமுன் வேலையைச் சேந்தனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். கரடிகள் அதைத் தின்னாமல் வீட்டுக்கு அனுப்புவதே பெரிய மனசு என்றார் நரியார்.

திரையில் வந்த கடல்நாய் கேட்டது: "தம்பி, குளிர்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியுங்க சார். மார்கழியில எங்களுக்கும் இறகு லேசா உப்பிக்கும்."

கடல்நாய் தன் மீசையைத் தடவிக்கொண்டது. பிறகு, "சந்தேகம் ஏதாவது?" என்றது.

சேந்தனுக்கு நூறு சந்தேகம். நரியார் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார்.

"ஒண்ணும் இல்லைங்க சார்."

நம்மவர்கள் அப்படித்தான். சந்தேகம் கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம்! ஆகவே சேந்தன் தனக்குத் தெரிந்த வீட்டையே வரைந்தான். காற்று ஜிலுஜிலுவென்று வர நாலு ஜன்னல். சூடு தணியச் சுவரெல்லாம் ஈரக் களிமண். பனிநாட்டில் கோடு பிசகாமல் அப்படியே கட்டினார்கள்.

பதினைந்தாம் நாள் திரையில் கரடி வந்தது. மூக்கில் பனி தொங்கியது.

"குட்டிங்க எல்லாம் தும்மிக்கிட்டே இருக்குதுய்யா!"

சேந்தன் நரியார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். நரியார் முகமோ மலர்ந்தது.

"அதுக்கென்ன, ஒவ்வொரு ஜன்னலா அடைச்சுத் தர்றோம். பத்து வருஷத்துக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கலாங்களா?"

கரடி வேறு யாரிடம் போகும்? விவரம் தெரிந்த கடல்நாயைத்தான் அனுப்பியாயிற்றே. கையெழுத்துப் போட்டது. சேந்தனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஜன்னல் அடைக்கிற மும்முரத்தில் மேகம் கறுத்ததை அவன் கவனிக்கவில்லை. கவனித்தபோது பதறிப்போனான். ஆனாலும் இப்போது உலகம் தெரிந்தவனாயிற்றே! தன் கூட்டு வேலையை வேப்பமரத்துக் குருவி மருதனிடம் ஒப்படைத்தான்.

"சந்தேகம் ஏதாவது?" என்று தோரணையாகக் கேட்டான்.

"நிறைய இருக்குண்ணே. உள்ள யாரு இருக்கப்போறாங்க? வாசல் எந்தப் பக்கம் வேணுமாம்? இடிச் சத்தம்னா பயப்படுவாங்களா?"

"எனக்கு மீட்டிங் இருக்குப்பா. அதெல்லாம் பொற்கொடிகிட்டயே போய்க் கேட்டுக்கோ."

மருதன் போய்க் கேட்டான். தினமும் போய்க் கேட்டான்.

முதல் மழை விழுந்த அன்று கூடு முடிந்தது. சேந்தன் ஆசை ஆசையாய்ப் பறந்து வந்தான். வாசலில் மருதன் தலையை நீட்டினான். அவன் பின்னால் பொற்கொடி இருந்தாள்.

"இது என் கூடுடா!" என்றான் சேந்தன்.

"உங்க கூடுதான்" என்றாள் பொற்கொடி. "ஆனா எனக்கு என்ன வேணும்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே."

மழை வலுத்தது. நனைந்த இறகோடு கிளையில் உட்கார்ந்து சேந்தன் அழுதான். அப்போது போன் அடித்தது. பேசியவர் நரியார்.

"எங்கப்பா இருக்கே? ஜன்னலோட சேர்த்து வாசலையும் அடைச்சிட்டமாம். கரடி உள்ளேயே மாட்டிக்கிச்சு. சீக்கிரம் வா, ஒப்பந்தம் இருபது வருஷம் ஆயிடும்போல இருக்கு!"

நீதி: தப்பாகச் செய்பவனை வேலை ஒருநாளும் கைவிடாது. வீட்டு வேலையை மட்டும் சந்தேகம் கேட்பவனிடம் கொடுத்துவிடாதீர்கள்.