நாய்க்கூட்டுக்கு நான் போட்ட தரை

சும்மா இருக்கத் தெரியாதவனுக்குக் கல்யாணம் பேசக் கூடாது. பேசிவிட்டால், தாலி கட்டுகிற வரைக்கும் அவனை ஒரு அறையில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். என்னை யாரும் பூட்டவில்லை.

அப்போதெல்லாம் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக் கடைவீதியில் எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எனக்கோ ஒரு இடத்தில் கால் தரிக்காது. ஒருவருக்கு நிறுத்துக்கொண்டே அடுத்தவருக்கு விலை சொல்வேன், விலை சொல்லிக்கொண்டே தெருவில் போகிற வண்டிக்காரனைக் கூப்பிடுவேன். ("இவன் தொட்டில்லேயே நடந்து பழகுன பய" என்பார் அப்பா.) ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகள் மீனாட்சியை எனக்குப் பேசியிருந்தார்கள். பரிசம் போட நாளும் பார்த்தாயிற்று. பெண்ணைப் பார்த்து வந்ததிலிருந்து எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, அந்தத் தோட்டத்துத் துரைக்கு நாய்க்கூட்டில் தொல்லை வந்தது. மரைமான் வேட்டைக்கென்று ஒரு நாய்ப் பட்டாளமே வளர்த்தார். கூட்டுக்குப் பலகைத் தரை. மூத்திரம் ஊறி ஊறிப் பலகை நாறியது, இடுக்கெல்லாம் உண்ணி, நாய்க்கெல்லாம் சொறி. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வேட்டைக்கு வரப்போகிறார்கள், அதற்குள் தண்ணீர் விட்டால் சுத்தமாகிற, காலத்துக்கும் நிற்கிற தரை வேண்டும் என்றிருக்கிறார் துரை. கணக்கப்பிள்ளை பெருமை தாங்காமல், "நமக்கு வரப்போற மாப்ள பாத்துக்குவாருங்க தொர" என்று வாக்குக் கொடுத்துவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார்.

"மாப்ளே, என் மானம் உங்க கையில இருக்கு."

"தரைதானே மாமா? எனக்குத் தெரியாத தரையா?" என்றேன். (எனக்குத் தெரிந்த ஒரே தரை, நான் நடந்து தேய்த்த எங்கள் கடைத் தரை.)

இருந்தாலும் யோசிக்காமல் இல்லை. கருங்கல் பாவினால் அந்த மலைக் குளிரில் நாய் விறைத்துப்போகும். செங்கலோ பலகையைவிட மோசம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிமெண்டுதான் சரி. ஆனால் சிமெண்டுப் பீப்பாய் கொழும்பிலிருந்து ரயிலேறி, பண்டாரவளையில் இறங்கி, மாட்டுவண்டியில் ஆடி அசைந்து வரவேண்டும்.

"கொஞ்சம் பொறுடா," என்றார் அப்பா.

பொறுப்பதா? நானா? எங்கள் சீமையில் கோயில் மண்டபத்துக்குத் தரை போட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறிய தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசித் தேய்த்தால் தரை கண்ணாடி மாதிரி மின்னும். பிபிலைக் காட்டுக் கடுக்காய் எங்கள் கடையிலேயே மூட்டையாகக் கிடந்தது. கித்துள் பனைக் கருப்பட்டியும் இருந்தது. ஊறின சுண்ணாம்பு ஒரு கொத்தனாரிடம் கிடைத்தது. உடனே ஆரம்பித்துவிட்டேன்.

தரை இறுக நாளாகும் என்றார்கள். கடுக்காய்த் தண்ணீரைக் கூட விட்டால் சீக்கிரம் இறுகும் என்று நானே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து, மேலே மேலே ஊற்றித் தேய்த்தேன். காய்ந்ததும் நன்றாகக் கழுவிவிட்டிருக்க வேண்டும். கழுவினால் மினுக்கம் போய்விடுமே என்று அதையும் விட்டேன். அடடா, என்ன மினுக்கம்! துரை குனிந்து தன் மீசையை அதில் பார்த்துக்கொண்டார்.

வேட்டைக்கு முதல் நாள் சாயங்காலம் நாய்களை உள்ளே விட்டார்கள். அத்தனையும் தரையில் வாயை வைத்தது, எடுக்கவே இல்லை.

"பாத்தீங்களா மாப்ளே, நாய்க்கே புடிச்சிருச்சு. முத்தம் குடுக்குது!" என்று மாமா பூரித்துப்போனார்.

(கடுக்காய் வயிற்றை என்ன பண்ணும் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். மூக்கைப் பிடித்து எனக்குப் புகட்டியிருக்கிறார்கள். கருப்பட்டி இனிப்புக்காகத் தரையில் பூசியதை ஒரு ஜீவன் நக்கும் என்று யார் கண்டது?)

காலையில் துரைமார் குதிரையில் வந்து நின்றார்கள். கொம்பு ஊதினார்கள். கூடு திறந்தது. நாய்கள் பாய்ந்து வந்தன, துரைசானி ஆசையாக வளர்த்த பூந்தோட்டம் வரைக்கும். அங்கே ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிட்டன. எழுந்து நாலடி ஓடும், மறுபடி உட்காரும். எதிர்மலைத் தேயிலைக்குள் ஒரு மரை வந்து நின்று, இதைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு நடந்து போனது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓடவில்லை, நடந்துதான் போனது.

துரை என்னைக் கூப்பிட்டார்.

"தரையில் என்னா போட்டது?"

"கடுக்காய்ங்க தொர."

துரை முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். வார்த்தையை மட்டுமா படித்தார், வழக்கையும் சேர்த்துப் படித்துத் தொலைத்திருந்தார். முகம் பழுக்கச் சிவந்தது.

"நீ எனக்கு கடுக்காய் குடுத்தது?"

"ஆமாங்க தொர," என்றேன் அவசரத்தில். "கொஞ்சம் கூடவே குடுத்துட்டேன்!"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, மொதல்ல இங்கருந்து போ," என்றார். மாப்ளே போய்த் தம்பி வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாய்க்காரன் வாளித் தண்ணீரை வீச, தரை பளிச்சென்று சுத்தமானதையும், ஒரு கீறல்கூட விழாததையும் நான் ஒருவன்தான் பார்த்தேன்.

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் மாமா. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன், நடந்தேன், செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பரிசம் போடக் குறித்த நாளும் வந்தது. அன்று காலையில் மாமாவே கடைக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"விஷயத்த வெளக்கிச் சொன்னேன், தொர விழுந்து விழுந்து சிரிச்சிட்டாரு. தரையும் இருக்கட்டும்னுட்டாரு. ஆனா இந்தக் கழுதைகிட்டதான் நான் படாத பாடு படுறேன். வேற எடம் பாக்குறேன்னா கேக்க மாட்டேங்குது."

"மீனாட்சியா? என்ன சொல்லுது?"

"'கடுக்காய் குடுக்கிறவங்க ஊரெல்லாம் இருக்காங்கப்பா. கேட்டவொடனே ஆமாங்க, குடுத்துட்டேன்னு ஒத்துக்கிட்ட ஒரே ஆம்பள அவருதான். எனக்கு அவரே போதும்'ங்குது." மாமா பெருமூச்சு விட்டார். "கெளம்புங்க மாப்ளே, நேரமாகுது."

இப்போது ரயில் பதுளைக்கே வருகிறது. கடையை நான்தான் பார்க்கிறேன். இன்றைக்கும் யாராவது கடுக்காய் கேட்டு வந்தால் போதும், உள்ளேயிருந்து மீனாட்சியின் குரல் வந்துவிடும்:

"குடுங்க, குடுங்க. குடுத்துட்டேன்னு மட்டும் சொல்லிறாதீங்க!"