எண்ணுகிறவனையும் எண்ணும்

‘பாண்டியராஜ் – 14’ என்று திரையில் வந்ததும் பாண்டியராஜுக்கே தூக்கிவாரிப் போட்டது. முதுகுக்குப் பின்னால் நின்ற முதலாளி செல்லப்பா குனிந்து பார்த்தார்.

“பதினாலு தடவை திறந்திருக்க. ஏலே, நீதானா?”

சங்கரன்கோவிலில் செல்லப்பாவுக்கு நாற்பது விசைத்தறி. தீபாவளிக்கென்று கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்த மயில்கண் கரைச் சேலையை, பக்கத்துத் தெருக்காரர் முந்திக்கொண்டு நெய்து விற்கத் தொடங்கிவிட்டார். டிசைன் யார் மூலம் வெளியே போனது? ஆபீசில் யார் எந்தக் கோப்பைத் திறந்தாலும் கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதிவைக்கும்: பெயர், தேதி, நேரம். அப்படி ஒன்பதாயிரம் வரிகள். அந்த டிசைனுக்கான வரிகளை மட்டும் பொறுக்கி, ஆள்வாரியாக எண்ணிச் சொல்ல பாண்டியராஜ் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான சின்ன நிரல், எழுதினான். அதிகம் திறந்தவருக்கு இன்றோடு வேலை போய்விடும்.

மாலா 3. கனகலட்சுமி 2. எண்ணுகிறவனுக்கு 14!

யோசித்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, டிசைன் பேர எடுக்கதுக்கு என் ஸ்கிரிப்டே அந்தக் கோப்பைத் திறக்குது. திறந்த உடனே கம்ப்யூட்டர் என் பேருல ஒரு வரி எழுதிருது. காலையிலருந்து இதோட பதினாலு தடவை ஓட்டிட்டேன்லா? இருங்க, இன்னொரு தடவை ஓட்டுதேன்.”

பாண்டியராஜ் – 15.

“பாத்தியளா!” என்றான் உற்சாகமாக.

“பாத்தேன்லே. என் கண்ணு முன்னாலயே திறக்குத!”

அவசரமாகத் தன் பெயரை விட்டுவிட்டு எண்ணும்படி மாற்றி ஓட்டினான்.

“உன் பேரு எங்கலே?”

“எடுத்துட்டேன் அண்ணாச்சி.”

“சம்பளப் பட்டியல்லருந்தும் எடுத்துருவோமா?”

பாண்டியராஜ் தன் பெயரைத் திரும்பச் சேர்த்து, இன்றைய தேதிக்கு முந்திய வரிகளை மட்டும் எண்ணச் சொன்னான். இன்று ஓட்டியதெல்லாம் கழிந்துவிடும், தன் கணக்கு பூஜ்யமாகும்.

பாண்டியராஜ் – 17. பக்கத்திலேயே தேதி: 1 ஜனவரி 2009.

“2009-லயே திருட ஆரம்பிச்சிட்டியாலே!”

“அப்ப நான் ஆறாங்கிளாஸ் அண்ணாச்சி! கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் தேதியை ஞாபகம் வச்சிக்கிறது அதுதான். அது செத்துப்போச்சு. காலையில கரண்ட் போயி வந்ததுலருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு 2009!”

“போதும்டே. தப்பிக்கதுக்குப் பேட்டரியவும் கொன்னுட்ட. ஆபீஸ் சாவிய வச்சிட்டுக் கிளம்பு.”

பாண்டியராஜ் பையிலிருந்து சாவியை எடுத்தபோது, சேலை மடிக்கும் பேச்சி ஒரு கட்டோடு உள்ளே வந்தாள். ஸ்கிரிப்ட் திறந்துவைத்த மயில்கண் கரை திரையில் விரிந்து கிடந்தது. நின்று பார்த்தாள்.

“இதுவா? பதினஞ்சு நாளா தினம் விடியக்காலம் ‘இனிய காலை வணக்கம்’னு எழுதி, இதத்தான அண்ணாச்சி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்கிய? எத்தன பேரு பாத்தாவன்னு உங்க போனே எண்ணி வச்சிருக்குமே!”