பலராமனுக்கு ஓர் உறவுமுறை

நம் இளைஞர் சமுதாயம் இன்னும் சீரழிந்து போகாமல் இருக்கிறதென்றால், அதற்கு அண்ணாமலையாரின் அருளுக்கு அடுத்தபடியான காரணம், தேரடித் தெருவில் ஒரு லாட்ஜின் மாடியில் இயங்கும் 'இளையோர் நூல் ஒழுக்கப் பேரவை'தான். காதல் இல்லாத நாவல்களைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, பள்ளிக்கூட நூலகங்களுக்கு அனுப்பும் மகத்தான பணியை அது செய்து வருகிறது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் இனியா இதைக் கேள்விப்பட்டதும் பூரித்துப்போனாள். அவள் எழுதி முடித்திருந்த முதல் நாவலில் மருந்துக்கும் காதல் கிடையாது. ரேவதி, பலராமன் என்று பிளஸ் டூ படிக்கும் இரண்டு நண்பர்கள். கிரிவலம் போகிறார்கள். நிருதி லிங்கத்தருகே ரேவதிக்குக் கால் சுளுக்கிக்கொள்கிறது. அவன் தோளில் கைபோட்டபடி மிச்ச தூரத்தை நொண்டியே முடிக்கிறாள். வழியெல்லாம் பேச்சு, சிரிப்பு, கொஞ்சம் அழுகை. அவ்வளவுதான் கதை. அந்த நொண்டல் அத்தியாயத்தை இனியா உயிரைக் கொடுத்து எழுதியிருந்தாள். அது அச்சில் வந்து, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அதைப் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை.

அவள் நாவலைப் பரிசீலித்த முதல் கூட்டத்தில் தலைவர் கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விஷயம் கனமானது என்று அதற்குப் பொருள்.

"கதை நல்லாருக்கும்மா. ஆனா தோள்ல கை போடறாளே, அந்தப் பையன் அவளுக்கு என்ன வேணும்?"

"ஃப்ரெண்டு சார்."

"அது சரி. என்ன வேணும்?"

நட்பு என்பது, உறவு எதுவென்று தெரியும்வரை போட்டுவைக்கும் தற்காலிகப் பெயர் என்று பேரவை ஆழ்ந்த ஆராய்ச்சிக்குப் பின் கண்டறிந்தது. பலராமனை ரேவதிக்கு அண்ணனாக்கிவிடலாம் என்றார் தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சரோஜா மட்டும் ஒப்பவில்லை.

"எனக்கு மூணு அண்ணனுங்க சார். ஒருத்தர்கூட என்னோட பேசிக்கினே மலை சுத்தினதில்ல. படிக்கிற பசங்க நம்ப மாட்டாங்க."

அண்ணன் தங்கையிடம் அத்தனை பிரியமாக இருப்பது 'யதார்த்தத்துக்குப் புறம்பானது' என்று ஏற்கப்பட்டது. பிறகு சரோஜாவே வழியும் சொன்னார்: பலராமன் தாய்மாமன் மகனாக இருக்கட்டும். சொந்தக்காரப் பையன் தாங்கிப் பிடித்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. போண்டா வந்தது.

இனியா பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினாள். உறவு மாறினால் என்ன, நொண்டல் அத்தியாயம் பிழைத்துவிட்டதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் அறிவுச்செல்வன் பதறிப்போய் எழுந்தார். தாய்மாமன் மகன் என்றால் முறைப்பையன். முறைப்பையன் தோளில் கைபோட்டு, பௌர்ணமியன்று ஊர் உலகமே பார்க்க நடந்தாயிற்று. இனி அந்தப் பெண்ணை வேறு எவன் கட்டுவான் என்று கேட்டார். பேரவை திகைத்தது, பிறகு தெளிந்தது. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

"அவளுக்குப் பதினேழு வயசு சார்," என்றாள் இனியா.

தலைவர் சட்டத்தை மதிப்பவர். கல்யாணம் வேண்டாம், நிச்சயதார்த்தம் போதும் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

"ரேவதிக்கு அவனக் கட்டிக்க இஷ்டமான்னு கேக்க வேணாமா?"

கண்ணாயிரம் அவளைப் பரிவோடு பார்த்தார். "அதக் கேட்டா லவ் ஸ்டோரி ஆயிடும்மா. நம்மளது ஒழுக்கமான புக்கு."

இனியா கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அச்சு போயிற்று. பள்ளிக்கூடத்துப் பெண்ணும் போனாள். படியிறங்கினாள். கீழே, அவளோடு படிக்கும் பாலாஜி பைக்கோடு காத்திருந்தான். நிஜத்தில் கால் சுளுக்கியது இனியாவுக்கு; தாங்கி நடந்தவன் இவன்தான்.

மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் பேரவை மொத்தமும் எட்டிப்பார்த்தது.

"யாரும்மா அந்தப் புள்ள? என்ன சொந்தம்?" என்று கேட்டார் தலைவர்.

"ஒரு சொந்தமும் இல்ல சார்," என்றாள் இனியா, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டே. "அதான் பயமில்லாம கூடப் போறேன்."