கோட்டை விட்டவர்

"கப்பல்ல கோட்டுப் போடமாட்டேன். இது என் கொள்கை!"

கண்ணாடிக்கடைக்காரர் இப்படி முழங்கியபோது அவர் உடம்பில் பனியன், அதன்மேல் இன்னொரு பனியன், சட்டை, கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மனைவியின் சால்வை ஆகியவை இருந்தன. தலையில் குரங்குக் குல்லா. குல்லா வாயையும் சேர்த்து மூடியிருந்ததால் 'கொள்கை' என்ற சொல் 'கொழுக்கை' என்றுதான் வெளியே வந்தது.

"யாருக்கு வழுக்கை?" என்று கேட்டாள் மனைவி.

அவர் குல்லாவை மோவாய் வரைக்கும் இறக்கிவிட்டு மறுபடியும் முழங்கினார்.

குளிர் அப்படி. ஜன்னல் கண்ணாடி காலையில் வேர்த்தால் சாயங்காலம்தான் காயும். இந்தக் குளிரிலிருந்து தப்பித்து வெயிலடிக்கும் தீவுகளைச் சுற்றிவரலாம் என்று ஒரு கப்பலில் இடம் பிடித்தது சகலை. சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். மனுஷர் தூங்கும்போதும் சட்டைக்காலர் மடங்காமல் தூங்குகிறவர். அவரும் அக்காவும், இவரும் மனைவியும் என்று நாலு பேர் பயணம். எல்லாம் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கப்பல் கம்பெனி அனுப்பிய குறிப்பை மனைவி உரக்க வாசிக்கும் வரையில். பகலில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம். ஆனால் மூன்று ராத்திரி பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் விருந்து. அதற்கு மாலை உடை அவசியம். ஆண்களுக்குக் கோட்டு.

"மாலை உடைன்னா, ஒரு மாலையைப் போட்டுக்கிட்டுப் போனா போதாதா?"

"ஐயோ, வேண்டாம். உங்களை மாலையும் கழுத்துமா ஒரு தடவை பாத்ததுக்கே நான் இன்னும் அனுபவிச்சுக்கிட்டிருக்கேன்."

"விளையாட்டில்லை. குளிருக்குப் பயந்து வெயிலைத் தேடி ஓடறோம். ஓடிப்போய் அங்க கோட்டுக்குள்ள புழுங்கணுமா? தலைவலிக்குத் தைலம் வாங்கிட்டு வந்து, அதைத் தடவிக்கிட்டு, அப்புறம் தலையைச் சுவத்துல முட்டிக்கிற கதையால்ல இருக்கு? நான் கோட்டை விட்டுட்டுத்தான் வருவேன்."

"நீங்க எப்போ கோட்டை விடாம இருந்தீங்க?" என்றாள் மனைவி.

கொள்கை என்று அவர் சொன்னது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தக் கொள்கைக்கு வயிறு என்று ஒரு மூலகாரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கோட்டு. மகள் பட்டம் வாங்கிய விழாவுக்கு என்று தைத்த கறுப்புக் கோட்டு. அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, 'பட்டம் அப்பாவுக்கா, பொண்ணுக்கா?' என்று பலரும் கேட்டார்களாம். கேட்டது ஒருவர்தான், அவருடைய மூக்குக்கண்ணாடியை அதற்கு முந்தின வாரம்தான் இவர் மாற்றிக்கொடுத்திருந்தார். அது இருக்கட்டும். கப்பல் கம்பெனியின் குறிப்பை வாசித்த மறுநாள், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு, அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கை நுழைந்தது. தோள் நுழைந்தது. பொத்தானும் பொத்தான் துளையும் மட்டும், பழைய சண்டையை மறக்காத சம்பந்திகள் மாதிரி இந்த ஓரத்தில் ஒருத்தர், அந்த ஓரத்தில் ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. மூச்சை உள்ளே இழுத்தார். வயிறு உள்ளே போகவில்லை. கண் வெளியே வந்தது. கோட்டின் முதுகில் எங்கேயோ 'கிர்ர்' என்றது. அவசர அவசரமாகக் கழற்றி அலமாரியில் மாட்டிவிட்டு, அன்று ராத்திரியே கொள்கைவாதி ஆகிவிட்டார்.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று வாதங்களை எல்லாம் தீட்டி வைத்திருந்தார். வெயில் வாதம், வேர்வை வாதம், சிக்கன வாதம் என்று முடக்குவாதம் வரைக்கும் எல்லா வாதமும் கைவசம் இருந்தது. ஆனால் அவள்,

"சரிங்க" என்றாள்.

"என்ன சரி?"

"கோட்டு வேண்டாம்னா வேண்டாம். உங்க உடம்பு, உங்க கொள்கை."

அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறவள். கடைவாயைப் பிடித்துக்கொண்டு வருகிற மனிதர்களிடம் 'ஒண்ணும் வலிக்காது, உக்காருங்க' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அந்தக் குரலில்தான் இந்த 'சரிங்க' வந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு லேசாகப் பல் கூசியது.

அடுத்த நாள் அலமாரியில் கோட்டைக் காணோம்.

"அது எங்க?" என்றார், ஏதோ குடையைக் கேட்கிற மாதிரி.

"யாருக்காவது குடுத்துடலாம்னு எடுத்து வெச்சேன். நீங்கதான் போடறதில்லையே. ஒல்லியா இருக்கிற யாருக்காவது ஆகும்."

'ஒல்லியா' என்ற சொல் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் தொல்லை விட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு புடவைப் படலம் ஆரம்பமாயிற்று. படுக்கை முழுவதும் புடவைகள். உட்கார இடமில்லாமல் கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இது நல்லா இருக்கா?" ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டினாள். "இல்லை, இது நல்லா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"சரியாப் பாருங்க. முதல்ல காட்டினதா, இப்ப காட்டறதா?"

அவருக்குச் சுருக்கென்றது. கடையில் வருஷக்கணக்காக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி இது. கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றி, 'இது தெளிவா, இது தெளிவா?' என்று கேட்பார். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்கிறவர்களை மனசுக்குள் திட்டுவார். இனிமேல் திட்டக்கூடாது என்று அந்த நிமிஷமே தீர்மானித்தார்.

கடைசியில் கருநீலப் புடவை ஒன்றைத் தோளில் போட்டாள். அவர் ஜன்னலை விட்டு ஒரு அடி முன்னே வந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி, சால்வை முனையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"இது" என்றார்.

"நிஜமாவா?"

"இதுக்கு மேல வேற வில்லையே வேண்டாம்."

அவள் முகம் திருப்பிச் சிரித்துக்கொண்டாள். அவருக்கும் உள்ளே ஏதோ இளகியது. அந்த இளகிய நேரத்தில்தான் அவள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அப்ப இதைத்தான் முதல் ராத்திரி விருந்துக்குக் கட்டிக்கப் போறேன். நான், அக்கா, மாமா மூணு பேரும் மண்டபத்துல சாப்பிட்டுக்கறோம். நீங்க மேல்தளத்துல நீச்சல்குளம் ஓரமா சாப்பிட்டுக்கலாமாம். அங்க அரை டிரவுசர் போட்டாக்கூட ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். அவங்கவங்களே தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க மூணு பேர்தானே? மேஜைக்கு நாலு நாற்காலி இருக்குமே."

"அது வீணாகாதுங்க. மாமாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அதே கப்பல்ல தனியா வர்றாராம். அவரை உக்கார வெச்சுக்கலாம்னு மாமா சொன்னார்."

"யாரு?"

"யாரோ கண் டாக்டராம். ரொம்ப நல்லா பேசுவாராம்."

கண் டாக்டர்! எலிக்குப் பூனை, கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் டாக்டர். இவர் கொடுத்த கண்ணாடியை வாங்கிப் பார்த்து, 'இதை எந்த மகானுபாவன் கொடுத்தான்?' என்று கேட்கிற ஜாதி. அந்த ஜாதியில் ஒருத்தன், தன் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில், தான் தேர்ந்தெடுத்த கருநீலப் புடவையைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டு, நன்றாகப் பேசிக்கொண்டு! தானோ அரை டிரவுசரில், தட்டேந்தி, வரிசையில்!

அன்று கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. தூரத்து எழுத்தை வாசிக்க வந்த பெரியவர் ஒருவருக்குக் கிட்டத்து வில்லையை மாட்டிவிட்டார். "எழுத்து தெரியலையே" என்றார் அவர். "எனக்கும்தான் ஒண்ணும் தெரியலை" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்தக் கோட்டு... யாருக்காவது குடுத்துட்டியா?"

"எதுங்க?"

"அதான், கறுப்பு. சும்மா கேக்கறேன்."

"குடுக்கணும்னுதான் இருந்தேன். மறந்தே போச்சு. மாடி அறைக் கதவுக்குப் பின்னால தொங்குது. நாளைக்குக் குடுத்துடறேன்."

அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து மாடிக்கு ஓடினார். கோட்டு தொங்கியது. கமகமவென்று இஸ்திரி வாசனை. கை நுழைந்தது. தோள் நுழைந்தது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

பொத்தான் மாட்டிவிட்டது!

கழற்றினார். திரும்பப் போட்டார். திரும்பவும் மாட்டியது. சம்பந்திகள் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு விட்டுப் பார்த்தார். விட முடிந்தது. உட்கார்ந்து பார்த்தார். உட்கார முடிந்தது. கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அடேயப்பா! தானா இது? இந்தப் பத்து நாளாகக் கடைக்கு நடந்தே போனது, காப்பியில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தது, கண் டாக்டரை நினைத்து ராத்திரி ஒரு தோசையைக் குறைத்தது, எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. உடம்பு என்ன உடம்பு, ரப்பர்!

இப்போது ஒரே சிக்கல். கொள்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இந்தா, யோசிச்சுப் பாத்தேன்" என்று ஆரம்பித்தார் சாப்பாட்டு நேரத்தில். "கடல்ல ராத்திரி காத்து அடிக்கும்."

"அடிக்கட்டுமே."

"நெஞ்சுல சளி கட்டும். ஒரு ராத்திரிக்கு வேணா அந்தக் கோட்டை..."

"வேண்டவே வேண்டாம்! கோட்டுக்குள்ள நீங்க புழுங்கறதை நான் பாத்துக்கிட்டிருக்கணுமா?"

"பரவாயில்லைன்னு சொல்றேனே."

"கொள்கை என்னாகறது? எங்க அக்கா கிட்டக்கூடப் பெருமையாச் சொல்லிட்டேனே, எங்க வீட்டுக்காரர் சொன்னாச் சொன்னதுதான்னு."

"கொள்கைன்னா என்ன? மனுஷனுக்காகக் கொள்கையா, கொள்கைக்காக மனுஷனா?"

"அப்படியா? சரி, ஒரு ராத்திரி மட்டும்."

"ஒரு ராத்திரி என்ன ஒரு ராத்திரி? மூணு ராத்திரியும் போடுவேன்! எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

மேஜையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. மனைவி பயந்துபோன மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் தன் பேச்சு எடுபட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு ஒரே புளகாங்கிதம்.

கப்பல் புறப்பட்டது. ஒரு நாள் போனதும் குல்லா போயிற்று, மறுநாள் கம்பளிச் சட்டை போயிற்று. மூன்றாவது நாள் சாயங்காலம் காற்றே வெதுவெதுப்பாக வீச, பெரிய மண்டபத்தில் முதல் விருந்து. மனைவி கருநீலப் புடவையில் வந்தாள். படியில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். படியெல்லாம் வழுக்கவில்லை, சும்மாதான் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரர் கோட்டைவிட ஒரு சுற்று பெரிதாகப் பூரித்தார். நல்லவேளை, பொத்தான் தாங்கியது.

மேஜையில் அக்காவும் சகலையும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாற்காலிகள் இரண்டும் காலி.

"கண் டாக்டர் எங்க?" என்று கேட்டார், போருக்குத் தயாராக.

"எந்தக் கண் டாக்டர்?" என்றார் சகலை.

"அவர் வரலையாம்" என்றாள் மனைவி, சட்டென்று ரொட்டிக் கூடையை நகர்த்திக்கொண்டே.

பயந்துவிட்டான் என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். சகலை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சகலை, இளைச்ச மாதிரி இருக்கீங்க? அந்தப் பழைய கோட்டுதானே இது? எனக்கெல்லாம் அந்த வருஷத்துத் துணி ஒண்ணும் ஏறறதில்லை. என்ன ரகசியம்?"

இதற்குத்தான் காத்திருந்தார் மனுஷர். "ரகசியம் எல்லாம் ஒண்ணுமில்லை, சகலை. மனக்கட்டுப்பாடு! வாயைக் கட்டினா வயிறு தானா கட்டுப்படும். உங்க மாதிரி ஆளுங்களுக்கு அது கஷ்டம்தான்" என்று தொடங்கி, சூப் வந்து ஆறுகிற வரைக்கும் உடலைப் பற்றியும் உறுதியைப் பற்றியும் பேசினார். சகலை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்கூடத் திரும்பிக் கேட்டார். அக்காவும் தங்கையும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பேசினால் பசிக்கும். சூப்பைக் குடித்தார். வெண்ணெய் தடவிய ரொட்டி, வறுத்த மீன், வேகவைத்த கோழி, கோழியோடு வந்த உருளைக்கிழங்கு, சகலை வேண்டாம் என்று ஒதுக்கிய உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் கட்டுப்பாட்டோடு சாப்பிட்டார். ஐஸ்கிரீமும் உள்ளே போயிற்று. சாக்லேட் கேக் வந்து எதிரே உட்கார்ந்தபோதுதான் இடுப்பில் ஒரு இறுக்கம் தெரிந்தது. பொத்தான் நூல் விறைத்துக்கொண்டு நின்றது. முதுகில் ஒரு சின்ன 'கிர்ர்'.

கரண்டியைக் கீழே வைத்தார். கேக்கைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். மறுபடியும் கேக்கைப் பார்த்தார்.

மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள். காதோடு காதாக, மிகப் பிரியமாகச் சொன்னாள்:

"ஆசையா இருந்தாச் சாப்பிடுங்க. பின்பக்கத் தையல்ல இன்னும் ரெண்டு விரல் துணி உள்ள இருக்கு. நாளைக்கு அறையில உக்காந்து பிரிச்சு விட்டுடறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னும்னா?"

"முதல்ல நாலு விரல் பிரிச்சாச்சுங்க."